ஈரங்கொல்லி

களுபோவிலையில் நாம் குடியிருக்கும் வீட்டின் பின்னறையில் சுவருக்குச் சுவர் ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கின்றது. மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பை வந்தடைந்ததும் அக்கயிறு நிறைந்துவிடும். பள்ளிக்கூடச் சீருடை, சாரம், சேலை, படுக்கை விரிப்பு, குழந்தையின் துணி யாவும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தொங்கும். இரண்டாம் நாள் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்கும். மூன்றாம் நாள் புளித்த வாடை வீசும். நான்காம் நாள் அதே துணியை மறுபடி தோய்க்க வேண்டியதாகிவிடும்.

மழைக்காலத்திலே உடுப்பை வீட்டுக்குள் குறைந்த செலவில் உலர்த்துவது எப்படி என்பது இலக்கிய மாசிகையில் எழுதத்தக்க விடயமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்டவர் தம் ஆயுளில் ஒருநாளும் துணி தோய்த்தறியாதவர் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கின்றோம்.

தமிழ் அகராதிகளிலே சலவைத் தொழிலாளிக்குரிய பெயர்களுள் ஒன்று ஈரங்கொல்லி என்பதாகும். அழுக்கைக் கொல்பவன் என்று சொல்லாமல் ஈரத்தைக் கொல்பவன் என்று பெயரிட்ட முன்னோரின் கூர்மையை வியக்கின்றோம். அழுக்குப் போக்குவது ஒரு நாழிகை வேலை. ஈரம் போக்குவதே தொழிலின் கடினமான பாதி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். சங்க இலக்கியத்திலே இத்தொழிலைச் செய்பவள் பெண். புலைத்தி என்று அழைக்கப்படுகின்றாள். களர் நிலத்திலே தோண்டிய கிணற்றில் அவள் நாள்தோறும் துணி வெளுக்கும் காட்சி புறநானூற்றின் 311ஆம் பாட்டிலே வருகின்றது. குறுந்தொகையிலும் கஞ்சிப் பசையிட்டு அவள் துணி அலசுவதைக் காண்கின்றோம். களர் மண்ணின் காரம் அழுக்கை நீக்கும் என்பதை அவள் எந்தப் பாடசாலையிலும் கற்கவில்லை. அவள் வெளுத்த வெள்ளாடையை உடுத்த வீரனுக்குப் புகழ் கிடைத்தது. அவளுக்கு இழிந்த பெயர் கிடைத்தது.

இலங்கை வரலாற்றிலும் இதே கதைதான். கண்டி இராச்சியத்திலே ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலிலே சிங்களச் சலவையாளரைப் பற்றி எழுதியிருக்கின்றார். பெரிய பானையிலே நீரைக் கொதிக்கவைத்து, அதன் வாயிலே அழுக்குத் துணியை அடுக்கி, ஆவியில் வேகவிட்டு, பின்னர் ஆற்றங்கரைக் கல்லிலே அறைந்து வெளுப்பர் என்கின்றார். நம் ஊரில் வெள்ளாவி வைத்தல் என்று சொல்வதும் இதுவேயாம். அதே இடத்தில் இன்னொன்றையும் நொக்ஸ் குறித்திருக்கின்றார்: குறிப்பிட்ட ஒரு சாதிவரையிலுமே அவர்கள் வெளுப்பர்; அதற்குக் கீழ்ப்பட்டோருக்கு வெளுப்பதில்லை.

அந்தக் கீழ்ப்பட்டோரின் துணியை வெளுத்தவர் யார்? யாழ்ப்பாணத்திலே அதற்கென்று துரும்பர் என்னும் ஒரு பிரிவினரை வைத்திருந்தார்கள். அவர்கள் பகலில் வெளியே வரலாகாது, இரவிலே பனையோலையை இழுத்துக்கொண்டு ஓசை எழுப்பியபடி நடக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்ததாகப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. பகலில் தலைகாட்டக்கூடாதவன் துணியை எந்த வெயிலிலே உலர்த்துவான்? சூரியனைக்கூடச் சாதி வாரியாகப் பங்கிட்ட சமுதாயம் நம்முடையது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இலங்கையில் நிறைவேறியது 1957இல்தான் என்பதை நினைக்கும்போது, இது தொலைதூரத்துப் பழங்கதையன்று என்பது விளங்கும்.

பிறப்பு, பூப்பு, இறப்பு ஆகிய வீட்டு நிகழ்ச்சிகளிலே தீட்டுத் துணியை எடுத்துச்செல்வதும், மாற்றுத் துணி கொண்டுவந்து கொடுப்பதும் சலவைத் தொழிலாளியின் குடும்பத்துப் பெண்ணின் கடமையாக இருந்தது. உயர்ந்தோர் எனப்பட்டோர் தம் உடம்பின் ஈரத்தையெல்லாம் அவள் தலைமேல் ஏற்றி ஊருக்கு வெளியே அனுப்பினர். அந்த அடிமைமுறை ஒழியத் தொடங்கியது நன்று, ஒழிய வேண்டியதே. ஆனால் அவள் கையில் இருந்த நிலம், ஆற்றங்கரை, திறந்த வெயில் ஆகியவை அவளோடு மறைந்துபோயின. ஈரம் மட்டும் வீட்டுக்குள்ளே திரும்பி வந்தது. வந்த ஈரத்தை ஏற்றுக்கொண்டவள் வீட்டுப் பெண்.

அவர்களுடைய தொழில்நுட்பத்தில் ஒன்றையேனும் நன்றியோடு சொல்லாமல் இருக்க முடியவில்லை. துணி உலர்த்தும் கயிற்றை அவர்கள் ஒற்றையாகக் கட்டுவதில்லை. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கி இழுத்துக் கட்டி, புரிகளுக்கு இடையே துணியின் முனையைச் செருகிவிடுவர். கவ்வி தேவையில்லை, காற்றடித்தாலும் விழாது, துணி மடிந்து இரட்டையாகத் தொங்காமல் முனையிலிருந்து ஒற்றையாகத் தொங்குவதால் இரு பக்கமும் காற்றுப்படும். கடையிலே பிளாஸ்ரிக் கவ்வி வாங்கும் நாம், காசில்லாத இந்த அறிவை இழந்தோம்.

இனி மலைநாட்டுக்குச் செல்வோம். இலங்கையிலே குளிர்காலம் என்ற சொல்லுக்குப் பொருள் உள்ள இடம் அதுவே. நுவரெலியாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாரக்கணக்காக மழையும் மூடுபனியும் நீங்காத காலம் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண் மழையிலும் மலையில் நிற்கின்றாள். தலையிலே கம்பளி, இடுப்பிலே படங்கு. மாலையில் அவை இரண்டும் நீரைக் குடித்துக் கனத்திருக்கும். வந்து சேரும் வீடு லயத்துக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும் ஓர் இஸ்தோப்பும். நனைந்த கம்பளியை மறுநாட் காலைக்குள் உலர்த்துவதற்கு அவளிடம் உள்ள ஒரே கருவி அடுப்பு. அடுப்புக்கு மேலே கொடி கட்டி, விறகுப் புகையிலே உடுப்பைத் தொங்கவிடுகின்றாள். உடுப்பு அரைகுறையாகக் காய்கின்றது; அறையிலே உறங்கும் குழந்தைகளின் நெஞ்சு புகையால் நிறைகின்றது.

அவ்வறைக்குக் கூப்பிடு தூரத்திலே தேயிலைத் தொழிற்சாலை நிற்கின்றது. உலர்த்தும் கலையின் உச்சத்தை அங்கே காணலாம். 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட நாளிலிருந்து இந்தத் தொழில் முழுவதும் ஓர் இலையிலிருந்து ஈரத்தை எடுக்கும் தொழிலே. பறித்த கொழுந்தின் எடையில் 100க்கு 75 பங்குக்கு மேல் நீர். மேல்மாடியிலே கொழுந்தைப் பரப்பி, மின்விசிறியால் காற்றைச் செலுத்தி, மழைநாளிலே சூடான காற்றையும் கலந்து, 12 மணி முதல் 18 மணி நேரம்வரை வாட்டுவர். பின்னர் அரைத்து, புளிக்கவைத்து, உலையிலிருந்து வரும் வெப்பக்காற்றிலே காயவைக்கும்போது எஞ்சும் ஈரம் 100க்கு 3 பங்களவுதான். அளவு தவறினால் தேயிலை கெட்டுவிடும். ஆதலால் காற்றின் ஈரத்தைக் கருவி வைத்து அளந்துகொண்டே இருப்பார்கள். இலைக்கு மாடி உண்டு, விசிறி உண்டு, சூடான காற்று உண்டு. அந்த இலையைப் பறித்தவளின் கம்பளிக்கு அடுப்புப் புகை உண்டு. இதனை எழுதும்போது நமக்குக் கோபம் வராமல் இல்லை.

ஏழையின் துணியை உலர்த்த ஓர் ஏற்பாடு செய்ய முடியும் என்பதை அந்த நூற்றாண்டு அறியாததா? அறிந்திருந்தது. 1832இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே வாந்திபேதி பரவியது. அங்கே ஓர் ஏழைத் தெருவில் வாழ்ந்தவர் கிற்றி வில்கின்சன்; அயர்லாந்திலிருந்து வந்த உழைப்பாளிப் பெண். அத்தெருவிலே கொதிகலன் இருந்தது அவர் வீட்டில். நோயாளரின் துணியைத் தோய்க்க அயலார் அனைவருக்கும் அதனைத் திறந்துவிட்டார். அவருடைய முயற்சியின் தொடர்ச்சியாக 1842இல் அந்நகரின் பிரெடரிக் தெருவிலே பொதுக் குளிப்பிடமும் துணி தோய்க்கும் மண்டபமும் திறக்கப்பட்டன. 1846இல் பாராளுமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. அதன்பின் பிரித்தானிய நகரங்களிலே எழுந்த பொதுச் சலவை மண்டபங்கள் பலவற்றில் வெப்பக்காற்று ஓடும் அறைகள் இருந்தன. ஒரு பெண் மழைநாளிலே துணி மூட்டையோடு உள்ளே போய், சிறு கட்டணம் செலுத்தி, உலர்ந்த துணியோடு வெளியே வரலாம். வீட்டிலே உலர்த்தியவர்கள் கப்பியும் கயிறும் கொண்ட மரச்சட்டத்தை அடுக்களைக் கூரையை நோக்கி உயர்த்திவைத்தார்கள். சூடான காற்று மேலே செல்லும் என்ற எளிய உண்மையை நான்கு மரத்தண்டுகளால் பயன்படுத்திக்கொண்ட உபாயம் அது.

அதே பிரித்தானியர் ஆண்ட கொழும்பிலே, சலவைத் தொழிலாளர் நீரில் நின்று துணி அறையும் காட்சி அஞ்சலட்டைகளில் அச்சாகிக் கப்பற் பயணிகளுக்கு விற்பனையாயிற்று. நாம் அறிந்த கொட்டாஞ்சேனைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவை பொதுக்குழாயும் பொதுக் கழிவறையும் மட்டுமே. தோட்டம் என்றதும் வெளியூர் வாசகர்கள் மரம் செடிகளை எண்ணிவிடக் கூடாது. ஒரு கதவும் ஒரு சன்னலும் உள்ள அறைகள் இரண்டு வரிசையாக நிற்கும். நடுவே நான்கடி முடுக்கு. அந்த நான்கடிக்கு மேலே தெரியும் வானத்தைத்தான் இரு வரிசைக் குடும்பங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டுக்காரியின் சேலை என் வீட்டு வெயிலை மறைக்கின்றது என்று மூண்ட சண்டைகளை நாம் நேரிலே கேட்டிருக்கின்றோம். சண்டையிட்ட இருவரும் வானத்தைக் குறுக்கியவன் யார் என்று கேட்கவில்லை.

வெள்ளவத்தையின் கதை வேறு விதம். அங்கே துணி ஆலை ஒன்று இருந்தது. வெள்ளவத்தை நூற்றல் நெசவு ஆலைத் தொழிலாளர் 1933இல் நடத்திய வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர் கொல்வின் ஆர். டி சில்வா. இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொடக்கத்தை எழுதுவோர் அப்போராட்டத்தை விடுவதில்லை. இன்று அந்த ஆலையின் நிலத்திலே வானளாவிய தொடர்மாடிகள் நிற்கின்றன. 1983 ஆடிக் கலவரத்திலே எரிந்த வெள்ளவத்தை பின்னர் மீண்டும் தமிழரால் நிறைந்தது. நிலம் போதாமல் மேல்நோக்கி வளர்ந்தது. யாழ்ப்பாணத்தின் காய்ந்த காற்றிலே, வேலியடைத்த பெரிய வளவிலே, ஒரு நாழிகையில் சேலை உலர்த்திப் பழகிய குடும்பங்கள் ஐந்தாம் மாடியின் இரண்டறைக்குள் வந்து சேர்ந்தன. கடற்காற்று இருக்கின்றதே என்பார்கள். அக்காற்று உப்பையும் சுமந்துகொண்டு வருகின்றது. துணியிலே படிந்த உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இதற்குமேல், வீதிப்பக்கத்து மாடத்திலே துணி தொங்கலாகாது என்று சில கட்டடங்களின் வாடகை ஒப்பந்தத்திலே எழுதியிருக்கின்றார்கள். கட்டடத்தின் அழகு கெடுமாம். உடுப்பு அழகு; உடுப்பை உலர்த்துவது அசிங்கம்!

அறைக்குள்ளே கயிறு கட்டியபின் அந்தக் கயிற்றிலும் ஒரு படிநிலை உண்டு. ஆணின் சட்டையும் பிள்ளைகளின் சீருடையும் மின்விசிறிக்கு நேரே தொங்கும். பெண்ணின் உள்ளாடை சேலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மாதவிலக்குத் துணியோ கட்டிலின் கீழே, கதவின் பின்னே, பெட்டியின் மறைவிலே கிடக்கும். வெயிலும் காற்றும் மிகுதியாக வேண்டிய துணி அதுவே. அரைகுறை ஈரத்தோடு மறுபடி உடுத்தினால் புண்ணும் நோயும் வரும் என்பதை எந்த மருத்துவரும் சொல்வார். முன்னர் தீட்டென்று ஊருக்கு வெளியே அனுப்பிய துணியை இன்று வெட்கமென்று இருட்டிலே வைக்கின்றோம்.

குறைந்த செலவில் உலர்த்துவதற்கு வழி என்ன? இதற்கு விடை சொல்லுமுன், ஒரு லீற்றர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும் என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். நீர் துணியிலே இருந்தாலும் பானையிலே இருந்தாலும் இக்கணக்கு மாறாது. ஆனால் அதே நீரைப் பிழிந்து வெளியேற்றக் கையின் பலம் போதும். ஆகையால் ஈரத்தைக் கொல்வதில் முதல் வேலை பிழிதலே. கையால் பிழிந்த துணியை உலர்ந்த துவாய் ஒன்றிலே சுருட்டி இருவர் இரு முனையில் முறுக்கினால், மேலும் ஒரு கோப்பை நீரைத் துவாய் குடித்துவிடும். இரண்டாவது காற்று. துணிக்கும் துணிக்கும் இடையே ஒரு சாண் வெளி இருக்க வேண்டும்; சாரத்தை மடித்துப் போடாமல், உள்ளே இரண்டு தடி செருகிக் குழாய்போல் விரிக்க வேண்டும்; காற்சட்டையின் உட்புறத்தை வெளியே திருப்ப வேண்டும். 70 வாற்று மின்விசிறி எட்டு மணி நேரம் சுழன்றாலும் செலவு அரை அலகைச் சிறிதே தாண்டும். உலர்த்தும் இயந்திரமோ ஒரு முறைக்கே இரண்டு மூன்று அலகு கேட்கும். கொழும்பு வீடுகளிலே நடக்கும் பெரிய வீண்செலவு வேறொன்று: விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஈரச் சீருடையை மின்னழுத்தியால் அழுத்தி உலர்த்துவது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 100க்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தபோது, பல தாய்மார் மின்னழுத்தியை விட்டுவிட்டு, தணற்சட்டியின்மேல் கூடையைக் கவிழ்த்துக் குழந்தைத் துணி உலர்த்தும் பாட்டிமாரின் முறைக்குத் திரும்பினார்கள். பின்னர் கட்டணம் குறைந்ததும் உண்டு. தணற்சட்டியை அடைத்த அறையிலே வைப்பது உயிருக்கு ஆபத்து என்பதையும் சொல்லிவைக்கின்றோம். அதன் நச்சுக்காற்றுக்கு மணமில்லை.

சன்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பின் காற்று இரவிலே ஈரத்தால் ஏறக்குறைய நிறைந்திருக்கும். முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணிவரை, மழை ஓய்ந்திருந்தால், சற்று இளைப்பாறும். திறக்க வேண்டிய நேரம் அது. எதிரெதிரே இரண்டு சன்னல் திறந்தால்தான் பயன். ஒற்றைச் சன்னல் அறைக்கு இந்த அறிவுரை உதவாது என்பதையும் அறிவோம்.

கடல் கடந்து சென்ற நம்மவர் இக்கலையை வேறிரண்டு நாடுகளிலே மறுபடி கற்க வேண்டியதாயிற்று. ரொறன்ரோவின் உறைபனிக் காற்றிலே ஈரமே கிடையாது. அதனை வீட்டுக்குள் சூடாக்கும்போது உதடு வெடிக்குமளவுக்கு உலர்ந்துவிடும். அங்கே அறைக்குள் துணி விரித்தால் ஓரிரவிலே துணி காயும். மூச்சுக்கும் இதமாக இருக்கும். ஆனாலும் வெளியே கொடி கட்டுவது அங்கும் அழகைக் கெடுக்கும் குற்றமாகப் பல குடியிருப்புகளிலே விலக்கப்பட்டிருந்தது. 2008 ஏப்ரலில் ஒன்ராறியோ அரசு அத்தடையை நீக்கியபோதும், நம்மவர் பெருந்தொகையாக வாழும் உயர்ந்த மாடிக் கட்டடங்களை அவ்விலக்கு நீக்கம் எட்டவில்லை.

இங்கிலாந்திலே நிலை நேர்மாறு. குளிர் மிதமானது, காற்று ஈரமானது, சூடாக்கும் செலவு ஏழையால் தாங்க முடியாதது. சூடில்லாத அறையிலே உலர்த்திய துணியின் ஈரம் சுவரிலே போய்ப் படியும், சுவர் கறுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். உடனே வீட்டுச் சொந்தக்காரர் சொல்வார்: நீங்கள் உள்ளே துணி காயப்போடுவதால்தான். நீண்டகாலம் இந்தக் குற்றச்சாட்டைக் குடியிருப்போர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்கள். 2020 டிசம்பரில் றொச்டேல் நகரிலே அவாப் இஷாக் என்னும் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூஞ்சணமே காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை தீர்ப்பளித்தது. அக்குழந்தையின் பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். முறையிட்டபோது அவர்களுடைய வாழ்க்கைமுறைமீதே பழி போடப்பட்டிருந்தது. வீட்டுக் குறைகளை விசாரிக்கும் அந்நாட்டு அதிகாரி 2021 ஒக்ரோபரிலே ஈரமும் பூஞ்சணமும் பற்றி வெளியிட்ட அறிக்கை, இதனை வாழ்க்கைமுறை என்று சொல்லித் தட்டிக்கழிக்கலாகாது என்பதைத் தலைப்பிலேயே சொல்லியிருந்தது. 2023இல் அக்குழந்தையின் பெயரால் சட்டமும் வந்தது. துணி காயப்போட்டவளைக் குற்றவாளியாக்கும் வழக்கத்துக்கு லிவர்பூல் சலவை மண்டபத்தைக் கண்ட அதே தேசம் விடைகொடுக்க இத்தனை காலம் சென்றது.

களுபோவிலைக்குத் திரும்புவோம். நாம் குடியிருக்கும் வீட்டுக்கு மேலே மொட்டைமாடி ஒன்று உண்டு. அதன் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். சாவி வீட்டுச் சொந்தக்காரரிடம். தண்ணீர்த் தொட்டி இருக்கின்றது, பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்று காரணம் சொன்னார். சென்ற ஆண்டு மழைக்கு முன் கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் பின்கட்டிலுமாக உள்ள மூன்று குடித்தனத்தாரும் ஒன்றாகப் போய்க் கேட்டோம். பின்கட்டுக் குடும்பம் சிங்களவர். அந்த அம்மையாரே நம் எல்லோருக்குமாகப் பேசினார். இரண்டு கிழமை கழித்துச் சாவியின் பிரதி ஒன்று கிடைத்தது. செவ்வாயும் சனியும் நம் முறை. தொட்டியைச் சுற்றி வேலி அடித்தோம். படிக்கட்டின் தகரக் கூரைக்கு அடியிலே இரட்டைப் புரிக் கயிறு இழுத்துக் கட்டினோம். போன சனிக்கிழமை காலையிலிருந்தே தூறல். கயிற்றிலே சீருடைகளும், சாரங்களும், யாரும் மறைக்காத பெண்களின் துணிகளும் தொங்கின. பகல் இரண்டு மணிக்குப் போய்த் தொட்டுப் பார்த்தோம்; படுக்கை விரிப்பைத் தவிர மற்றவை காய்ந்திருந்தன.